சிறுவிடைக் கோழி வளர்ப்பு: அடை வைப்பது முதல் குஞ்சு பிரியும் வரை

தமிழ்நாட்டின் சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழி இனமான சிறுவிடைக் கோழியின் எடையைக் கணக்கிட்டு வளர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் சலித்துப் போகிறார்கள். நன்கு வளர்ந்த பெட்டை ஒன்றேகால் கிலோவைத் தாண்டுவது அரிது. சேவல் ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் நின்றுவிடும். முட்டையும் ஆண்டுக்கு 60 முதல் 80 வரைதான், அதுவும் நாள் தவறாமல் அல்ல. ஒரு பருவத்துக்கு 10 முதல் 15 முட்டை என்ற அளவில் இடைவெளி விட்டுப் பல பருவங்களாகக் கிடைக்கும். பண்ணைக் கோழியோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் எடுபடாது. ஆனால் சிறுவிடைப் பெட்டை தானே அடை காத்து, தானே குஞ்சு பொரித்து, தானே மேய்த்து, பருந்து வந்தால் எதிர்த்து நிற்கும். குஞ்சு பொரிப்பானும் மின்விளக்கும் காவலாளும் ஒரே உடலில் இருப்பதுதான் இந்த இனத்தின் செல்வம். ஆகவே இதை வளர்க்க விரும்புகிறவர் கற்க வேண்டியது கோழியின் வேலையைத் தாம் எடுத்துச் செய்வதை அல்ல, அது தன் வேலையைச் செய்யும்போது குறுக்கே வரும் நான்கைந்து ஆபத்துகளை விலக்குவதையே.

தாய்க்கோழியைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி கலப்பினம். வனராஜா, கிரிராஜா, நந்தனம் கோழி போன்றவை புறக்கடை வளர்ப்புக்காகவே ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கப்பட்டவை. அவற்றின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, விரைவாக எடை போடும், முட்டையும் கூடுதலாக இடும். ஆயினும் அவற்றை நம்பி அடை வைக்க முடியாது, ஏனெனில் முட்டை எண்ணிக்கையை உயர்த்தும் தேர்வில் அடை குணம் மங்கிவிடுகிறது. நான் வளர்க்கத் தொடங்கிய ஆண்டில் ஒரு வியாபாரி சிறுவிடை என்று சொல்லிக் கொடுத்த இருபது குஞ்சுகள் ஐந்தாம் மாதத்தில் இரண்டு கிலோவை எட்டிக் கம்பீரமாக உலவின. அவற்றில் ஒரு பெட்டைகூட அடையில் படுக்கவில்லை.

எனவே குஞ்சாக வாங்குவதைவிட, ஒரு முறையாவது குஞ்சு பொரித்து வளர்த்த பெட்டையை அது இருக்கும் வீட்டுக்கே போய்ப் பார்த்து வாங்குவது நல்லது. உடல் சிறுத்து, கால் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இறகின் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுவிடையில் கறுப்பு, செம்பழுப்பு, சாம்பல், புள்ளி என எல்லா நிறமும் உண்டு, கழுத்தில் இறகில்லாத வகையும் உண்டு. அந்தி நேரத்தில் அது மரக்கிளைக்குப் பறந்து ஏறுகிறதா என்று பார்ப்பது இறகைப் பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனை. எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு சேவல் இருந்தால் அவை சண்டையில் காட்டும் அக்கறையை இனச்சேர்க்கையில் காட்டுவதில்லை, கருக்கூடாத முட்டைகள் பெருகும்.

இருப்பிடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் மேய்ச்சல், இரவில் பூட்டக்கூடிய கூண்டு, அதில் ஏறி அடைய ஒரு கம்பு, ஈரம் தங்காத தரை, இவ்வளவே வேண்டும். கூண்டின் அடிப்பகுதியில் மட்டும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடிக்க வேண்டும். பெரிய கண் வலை நாயைத் தடுக்கும். ஆனால் எலிக்கும் பாம்புக்கும் அது திறந்த வாசல்.

முட்டை சேர்த்தல்

அடைக்கு வைக்கும் முட்டையை இட்ட நாளிலேயே எடுத்துப் பென்சிலால் தேதி குறித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை வைக்காமலிருப்பது நல்லது; கோடையில் நான்கைந்து நாளே எல்லை. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வாயகன்ற மண்பானையில் பாதியளவு மணல் நிரப்பி, மணலை நனைத்து, அதன்மேல் துணி விரித்து முட்டைகளை அடுக்கி நிழலில் வைத்தால், வெளியில் எவ்வளவு வெக்கை இருந்தாலும் பானைக்குள் குளுமை குறையாது. அழுக்கான முட்டையைக் கழுவக் கூடாது; கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய், கிருமிக்கு வழி திறந்துவிடும். இலேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம், மிகுந்த அழுக்குள்ளதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடை வைத்தல்

பெட்டைக்கு அடை குணம் வந்திருப்பதை அதன் குரலே சொல்லிவிடும். வழக்கமான கேறல் நின்று, அடித்தொண்டையிலிருந்து விட்டுவிட்டு வரும் தாழ்ந்த ஓசை தொடங்கும்; கூட்டை விட்டு எழாது; கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உடலை இரண்டு மடங்காக்கிக் காட்டும்; மார்பின் அடியிலுள்ள இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். இந்த நிலையிலும் உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடக் கூடாது. இரண்டு நாள் ஒன்றிரண்டு பழைய முட்டைகளின் மேல் படுக்கவிட்டு, இரவிலும் எழாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கோழியைத் தூக்கி, இறக்கையின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேனும் செல்லுப் பூச்சியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபத்தொரு நாள் அசையாமல் படுத்திருக்கும் கோழியின் மேல் செல் பெருகினால், எவ்வளவு நல்ல தாயாக இருந்தாலும் பதினைந்தாம் நாள் அது முட்டையை விட்டு எழுந்து போய்விடும். குற்றம் கோழியுடையது அன்று. சலித்த அடுப்புச் சாம்பலை இறகின் வேர் வரை தேய்த்துவிடுவதும், கூட்டில் காய்ந்த நொச்சி அல்லது வேப்பிலையைப் பரப்புவதும் ஓரளவு உதவும். பூச்சி மிகுந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து போட்டு, அந்தக் கோழியை அடுத்த பருவத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

கூட்டுக்கு மூங்கில் கூடையோ பழைய மண்சட்டியோ போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் கசக்கிய வைக்கோல், நடுவில் கையால் அழுத்தி ஒரு சிறு குழி. குழி ஆழமாக இருந்தால் முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். குழியே இல்லாவிட்டால் ஓரத்து முட்டை உருண்டு வெளியே போய்க் குளிர்ந்துவிடும். எத்தனை முட்டை என்பதைக் கோழியின் உடலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுவிடைப் பெட்டை ஒன்று 9 முதல் 12 முட்டைகளை மூடும். பதினைந்து வைத்தால் பதினைந்து குஞ்சு வரும் என்று நினைப்பது தவறு. கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு மூன்று முட்டைகள் குளிர்ந்து, கடைசியில் எட்டுக் குஞ்சுகூடத் தேறாமல் போகும்.

கூட்டில் ஓர் இரும்புத் துண்டும் ஒரு கரித்துண்டும் போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் அது காக்கும் என்பது நம்பிக்கை. என் தாயாரும் போடுவார், நானும் போடுகிறேன். போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் கூமுட்டைக்கு உண்மையான காரணங்கள் சேவலின் வீரியக் குறைவு, முட்டையின் பழமை, சேமித்த இடத்தின் வெப்பம், அடையின் நடுவில் கோழி நெடுநேரம் எழுந்து போனது ஆகியவையே.

மாலை இருட்டிய பிறகு முட்டைகளை வைத்தால் கோழி கலையாது. ஒளி மங்கிய, மற்றக் கோழிகள் வந்து முட்டையிட முடியாத மூலையே ஏற்றது. நாளுக்கு ஒரு முறை, 15 முதல் 20 நிமிடம் வரை, அது எழுந்து தண்ணீர் குடித்து, தானியம் தின்று, ஒரே தடவையாகப் பெரிய எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். தானாக எழாத கோழியை நாமே தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டு வந்து விழுந்து உடையக்கூடும் என்பதால் முதலில் இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் கைவிளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்க்கலாம். கரு கூடியிருந்தால் ஒரு சிவந்த புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போலப் பிரியும் இரத்த நாளங்களும் தெரியும். தெளிவாக இருப்பது கரு கூடாதது, எடுத்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு கோழிகளை அடை வைத்து, இந்தச் சோதனையில் பல முட்டைகள் கழிந்தால், மீதியை ஒரு கோழிக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மற்றதற்குப் புது முட்டை வைக்கலாம். இரண்டும் நன்றாகப் பொரித்தாலும் இருட்டில் குஞ்சுகளையெல்லாம் ஒரு தாயின் இறக்கைக்குள் தள்ளிவிட்டால், விடிந்ததும் அது வேற்றுமை பாராட்டாது. மற்றொரு கோழி விரைவில் மறுபடி முட்டையிடத் தொடங்கும்.

இருபத்தொன்றாம் நாள்

பத்தொன்பதாம் நாளிலிருந்து கூட்டைத் தொடாமலிருக்க வேண்டும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்துவதும் தாய் தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் காதை வைத்துக் கேட்டால் கேட்கும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவின் எச்சம் அதன் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்த நாளங்கள் வற்றுகின்றன. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும். முதலில் பொரித்த குஞ்சு பசியால் வாடுமே என்ற கவலையும் வேண்டியதில்லை; உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதுமான உணவு. இருபத்திரண்டாம் நாள் கடந்தும் பொரிக்காதவற்றை எடுத்துவிட்டு, ஓடுகளை அகற்றி, தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள், அதாவது கவிழ்த்து வைக்கும் பெரிய கூடைக்குள், மாற்ற வேண்டும்.

முதல் பத்து நாள்

குஞ்சுக்கு முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர். ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கல்லின் இடைவெளியில் மட்டும் நீர் நிற்கும்படி ஊற்ற வேண்டும். நனைந்த குஞ்சு குளிரில் விறைத்து விரைவில் செத்துவிடும். முதல் நாள் நீரில் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். இரண்டாவது நாளிலிருந்து தீவனம். நொய்யும் உடைத்த கம்பும் மட்டும் போட்டு வளர்ப்பதுதான் வழக்கமாக இருந்தாலும், அவற்றில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. முதல் நான்கு வாரம் கோழிக்குஞ்சுக்குத் தீவனத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தைப் பாதியும் உடைத்த தானியத்தைப் பாதியும் கலந்து கொடுத்து, குறையும் புரதத்தைக் கறையானால் ஈடு செய்யலாம்.

கறையான் பிடிப்பது எளிது. பழைய பானை ஒன்றில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய ஓலை அல்லது கட்டைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள தரையில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பானையைத் தூக்கினால் சாக்கின் மடிப்புகளெங்கும் வெள்ளையாக மொய்த்திருக்கும். அதைப் பஞ்சாரத்தின் அருகில் உதறும்போது தாய்க்கோழி தான் தின்னாமல், ஒரு கறையானை அலகில் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டுக் குரல் கொடுக்கும். மூன்று நாள் குஞ்சுகள் ஓடி வந்து அந்த அலகின் நுனியையே பார்த்து நிற்கும். எதைக் கொத்த வேண்டும் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. விளக்கடியில் வளரும் குஞ்சுக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. பூச்சிமருந்து தெளித்த கட்டை, வயல் ஆகியவற்றின் அருகே மட்டும் பானையைக் கவிழ்க்கக் கூடாது.

முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்திலோ சிறு அடைப்பிலோ வைத்திருப்பது கட்டாயம். தாய் விடுதலையானால் நெடுந்தூரம் நடக்கும். பின்தங்கும் குஞ்சு காக்கைக்கு இரையாகும். அதன்பின் மேய விடும்போதும் புதர், முருங்கை, அகத்தி, வேலியோரம் என்று ஒளிய இடமுள்ள பக்கமாக விட வேண்டும். தாய் ஒரு நீண்ட குரல் கொடுத்த நொடியில் குஞ்சுகள் சிதறி ஒளிவதற்குப் பத்தடிக்குள் ஒரு மறைவு இருந்தால் பருந்து பெரும்பாலும் வெறுங்காலோடு திரும்பும். கூட்டி மெழுகிய வெறும் களம் பார்வைக்கு அழகாக இருக்கும், குஞ்சுக்கு அதுவே கொலைக்களம்.

தாய் இறந்துவிட்டாலோ குஞ்சுகளை ஏற்காவிட்டாலோ மட்டுமே செயற்கை வெப்பத்தை நாட வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவு என்பது கணக்கு; குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்துக்கொண்டு, வெப்பம் தரும் குண்டு பல்பைத் தொங்கவிடலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தை தெளிவாகப் பேசும். விளக்கின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்; விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு; பரவலாக நடமாடினால் சரி. தரையில் வழுவழுப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி அகன்று ஊனமாகிவிடும். அதன்மேல் சாக்குத் துணி போட வேண்டும்.

நோய்த் தடுப்பு

சிறுவிடை நோய்த்தாங்கும் திறன் உள்ளது என்பது உண்மை; வெள்ளைக்கழிச்சலைத் தாங்கும் என்பது உண்மையன்று. இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத் ஊரின் பெயரால் அழைக்கப்படும் இந்த வைரஸ் நோய் 1920-களிலேயே இந்தியாவில் அறியப்பட்டது. வந்தால் ஒரு வாரத்தில் தெருவையே காலி செய்துவிடும். நாட்டுக்கோழிக்கு ஊசி எதற்கு என்று நானும் ஒரு பங்குனியில் இருந்துவிட்டேன். முதல் நாள் ஒரு கோழி தலையைத் தொங்கவிட்டு நின்றது, மூன்றாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டு சுழன்றது, எட்டாம் நாள் முப்பத்திரண்டில் ஐந்துதான் மிஞ்சின. வந்த பிறகு மருந்தில்லை. வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் சளிக்கும் சாதாரணக் கழிச்சலுக்கும் உதவலாம், இதற்குத் தடுப்பு மருந்து ஒன்றே வழி.

குஞ்சின் 5 முதல் 7 நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துகளான எஃப் வகையோ லசோட்டாவோ ஒரு சொட்டு கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும்; நான்காவது வாரத்தில் லசோட்டா மறுபடியும்; எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் அதே நோய்க்கான ஆர்டிவிகே என்ற ஊசி. இந்த ஊசி வீரியம் மிகுந்தது என்பதால் இளங்குஞ்சுக்குப் போடக் கூடாது. அம்மைத் தடுப்பூசியை ஆறு ஏழு வாரத்தில் போடலாம். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெயிலில் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்து வெறும் நீர். அரசு கால்நடை மருந்தகங்களிலும், கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களிலும் இதைப் பெறலாம். பிடித்து ஊசி போட முடியாத மேய்ச்சல் கோழிகளுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தைப் போலத் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக்கழிச்சல். ஈரமான தரையே அதற்குத் தாய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரித்த குஞ்சுகளில் இது மிகுதி என்பதால் அந்த மாதங்களில் நான் அடை வைப்பதில்லை, தை, மாசியில் வைக்கிறேன். எட்டாவது வாரத்திலும் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு நீக்கம் செய்வதும் மேய்ச்சல் கோழிக்குத் தேவை.

குஞ்சு பிரித்தல்

ஆறு முதல் பத்து வாரத்துக்குள் ஒருநாள் தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதுவரை காத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு ஈடு, அதாவது இரண்டு தொகுதி, குஞ்சு கிடைக்கும். வெயில் காலத்தில் நான்காவது வாரத்திலேயே பிரித்து, இரவில் மட்டும் குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பவர் மூன்று ஈடு எடுக்கலாம். பிரித்த முதல் வாரம் தாய் கண்ணில் படாத, குரல் கேட்காத இடத்தில் குஞ்சுகளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தீனி இறங்காது.

மூன்றாம் மாதத்தில் கழிக்க வேண்டியதையும் நிறுத்த வேண்டியதையும் தீர்மானிக்கலாம். பெரியதை விற்று வசதியான விலை வாங்கும் ஆசையில் எப்போதும் நல்லதே முதலில் விலை போகிறது. மிஞ்சும் நோஞ்சான்கள் அடுத்த தலைமுறைக்குத் தாயாகின்றன. அதிகக் குஞ்சுகளைப் பிழைக்க வைத்த தாயின் பெட்டைகளுக்குக் காலில் நிற நூல் கட்டி, அவற்றை விற்பனைக்குக் காட்டாமலே ஒதுக்கிவிட வேண்டும். சேவலை மட்டும் சொந்தக் கூட்டத்திலிருந்து எடுக்காமல், ஒவ்வோர் ஆண்டும் வேற்றூரில் சிறுவிடை வளர்க்கும் ஒருவரிடம் நம் சேவலைக் கொடுத்து அவருடையதை மாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்து, எச்சத்தையும் மூச்சையும் கவனித்து, ஊசி போட்ட பிறகே பெட்டைகளோடு விட வேண்டும்.